வாசகர் கேள்வி – பதில்: குறை பாய்லரிலா, அதைச் சுற்றியா?

இந்த முறை கடிதங்கள் எல்லாம் பாய்லரைப் பற்றியே. வீட்டுச் சுவரில் தொங்கும் கேஸ் பாய்லரும் உண்டு, சலவைக்கூடத்து நீராவி பாய்லரும் உண்டு. புகார் எல்லாமே பாய்லர் மீதுதான். பதில்கள் பெரும்பாலும் அதோடு சேரும் தண்ணீர், காற்று, குழாய்களைப் பற்றியவை.

கே: வீட்டைச் சூடாக்கவும் குளியலுக்கும் சேர்த்து ஒரே சுவர் பாய்லர் (காம்பி) வைக்கப் போகிறோம். இரண்டு குளியலறைகள். ஒரு ஃபிட்டர் 24 கிலோவாட் போதும் என்கிறார், இன்னொருவர் 35 இல்லாமல் முடியாது என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

ப: இருவரிடமும் கணக்கைக் கேளுங்கள். கணக்கைக் காட்டுபவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். தரைப் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு எண்ணைச் சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

வெந்நீருக்கான கணக்கை நீங்களே போடலாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும், தண்ணீர் எத்தனை டிகிரி சூடேற வேண்டும் என்ற இரண்டையும் பெருக்கி, அதை 0.07 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர், தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற வேண்டும் என்றால் 8 × 25 × 0.07 = 14 கிலோவாட். இரண்டு ஷவரும் ஒரே நேரத்தில் ஓடினால் 28. குளிர்காலத்தில் தண்ணீர் 5 டிகிரியில் வந்தால் அதே இரண்டு ஷவருக்கு 39 கிலோவாட் ஆகும். 35 கூடப் போதாது. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, இருவர் ஒரே நேரத்தில் குளிப்பது வழக்கமா என்பதை. வழக்கம் என்றால் பெரிய காம்பியைத் தேடுவதைவிட, சிறிய பாய்லரோடு ஒரு வெந்நீர்த் தொட்டி வைப்பது மேல்.

இன்னொரு சோதனைக்கு ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் ஆனால் உங்களுக்கு வரும் நீரே நிமிடத்துக்கு 10 லிட்டர்தான். அதற்கு மேல் சூடாக்கும் திறனுக்குக் கொடுக்கும் காசு வீண்.

வீட்டைச் சூடாக்குவதற்கான கணக்கு வேறு. சுவர், ஜன்னல், கூரை, இடுக்கு வழியாக நுழையும் காற்று ஆகியவற்றில் போகும் வெப்பத்தை அறை அறையாகக் கூட்ட வேண்டும். நன்றாக வெப்பக்காப்பு செய்த பல வீடுகளுக்கு 5 முதல் 10 கிலோவாட்டே போதும். இங்குதான் பெரிய பாய்லர் காலை வாரும். 35 கிலோவாட் பாய்லர் ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் குறைந்தபட்சம் 7 கிலோவாட். வீட்டுக்கு வேண்டியதோ மிதமான நாளில் 4. பர்னர் எரியும், அணையும், மறுபடி எரியும். நாள் முழுக்க இதே கதை. ஒவ்வொரு முறை பற்றும்போதும் மின்விசிறி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே ஊதித் தள்ளிவிட்டுத்தான் தொடங்கும். கேஸும் வீண், பற்றவைக்கும் பாகங்களும் தேயும். கேட்டலாக்கில் எல்லோரும் அதிகபட்ச எண்ணைத்தான் பார்க்கிறார்கள். குறைந்தபட்ச எண்ணையும் பாருங்கள்.

35-ஐயே எடுத்தால் கேஸ் குழாயின் அளவையும் கேளுங்கள். முழு வேகத்தில் அது மணிக்கு 3.5 கன மீட்டருக்கு மேல் இயற்கை எரிவாயு எடுக்கும். பழைய பாய்லருக்குப் போட்ட மெல்லிய குழாயில் அவ்வளவு வராமல் போகலாம். வீட்டில் உள்ள எல்லா அடுப்பும் எரியும்போது பாய்லர் வாயிலில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளந்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்த எண்ணால் பயனில்லை.

கே: பாய்லர் சூடானால் பிரஷர் கேஜ் முள் 3 பார் வரை ஏறுகிறது, வெளியே உள்ள குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. காலையில் ஆறிய பிறகு பார்த்தால் முள் பூஜ்யத்தில். தினமும் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். கசிவு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ப: கசிவு எங்கும் இல்லை. எக்ஸ்பான்ஷன் டேங்க் வேலை செய்யவில்லை.

தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். சுற்றில் 100 லிட்டர் இருந்தால் 3 லிட்டர் கூடுதலாக எங்காவது போயாக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சிவப்பு அல்லது சாம்பல் நிறத் தொட்டி. நடுவே ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்று இறங்கிப்போனால் அல்லது திரை கிழிந்தால் விரிந்த நீருக்கு இடமில்லை. சேஃப்டி வால்வு 3 பாரில் திறந்து அதை வெளியே தள்ளிவிடும். ஆறியதும் அந்த அளவு நீர் குறைந்திருக்கும், முள் பூஜ்யத்துக்கு இறங்கும்.

சோதிப்பது இப்படி: பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். வால்வுகளை மூடி, பாய்லர் பக்கத்து நீரை வடித்து அழுத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு தொட்டியின் காற்று வால்வை, சைக்கிள் டியூபில் இருப்பது போன்றதுதான் அது, லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் திரை போய்விட்டது, தொட்டியை மாற்ற வேண்டும். வெறும் காற்று, அதுவும் பலவீனமாக வந்தால் பம்பால் ஏற்றுங்கள். எவ்வளவு? பாய்லருக்கும் மேலே உள்ள கடைசி ரேடியேட்டருக்கும் உயர வித்தியாசம் 10 மீட்டருக்கு 1 பார் என்று கணக்கிட்டு, அதன் மேல் 0.2 அல்லது 0.3 சேருங்கள். 6 மீட்டர் என்றால் 0.9 பார். அதன் பின் சுற்றில் தண்ணீரை நிரப்பி, ஆறிய நிலையில் 1.2 பாரில் நிறுத்துங்கள். நீர் அழுத்தத்தைப் பூஜ்யமாக்காமல் காற்றை அளப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது கேஜ் காட்டுவது மறுபக்கத்து நீரின் அழுத்தத்தை. "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பாய்லர் எரியாமலேயே முள் ஏறினால் கதை வேறு. நிரப்பும் வால்வு முழுதாக மூடாமல் நீரை விடுகிறது, அல்லது வெந்நீருக்கான தட்டு வெப்பப் பரிமாற்றியில் துளை விழுந்து குழாய் நீர் உள்ளே வருகிறது.

தொட்டி சிறியதாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். பாய்லருக்குள்ளேயே வரும் 8 லிட்டர் தொட்டி சுமார் 100 லிட்டர் சுற்றுக்குத் தாங்கும். கனமான பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இருக்கும் வீட்டில் 200 லிட்டர் வரை ஓடலாம். அங்கே கூடுதலாக ஒன்று வெளியே வைத்தே ஆக வேண்டும். பலமுறை திறந்த சேஃப்டி வால்வின் இருக்கையில் அழுக்கு உட்கார்ந்திருக்கும். தொட்டியைச் சரிசெய்த பிறகும் அது சொட்டும். அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

தினமும் நிரப்புவதை உடனே நிறுத்துங்கள். புது நீர் ஒவ்வொன்றும் ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் கொண்டுவரும். அது என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கே: ரேடியேட்டரின் அடிப்பாகம் சூடாவதில்லை. திறந்துவிட்டால் மை போலக் கறுப்புத் தண்ணீர். புதுப் பாய்லர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர்.

ப: ஆகாது. அந்தக் கறுப்பு, இரும்பு ரேடியேட்டர்கள் உள்ளிருந்து அரித்ததால் வந்த இரும்பு ஆக்சைடு. காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள், ஒட்டும். புதுப் பாய்லர்களின் வெப்பப் பரிமாற்றியில் நீர் போகும் வழி குறுகலானது. இந்தச் சேறு அதற்குள் போய் உட்கார்ந்தால் அங்கே மட்டும் நீர் கொதித்துக் கெட்டில் போல இரையும்.

புதியதை இணைக்கும் முன்பே சுற்றைக் கழுவ வேண்டும். துப்புரவு ரசாயனத்தைப் போட்டு நீரை ஓடவிட்டு, ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மற்றதை மூடி, பவர் ஃப்ளஷ் பம்பால் தள்ள வேண்டும். தெளிந்த நீர் வந்தால் மட்டும் போதாது. வெளியேறும் நீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), குழாய் நீரின் டிடிஎஸ்ஸைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடாத அளவுக்கு அலச வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கும் ரசாயனமே அரிக்கும். பிறகு சுற்றின் கொள்ளளவுக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பு மருந்து. பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில், பாய்லருக்குச் சற்று முன், காந்த ஃபில்டர். போகும் குழாயில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அழுக்கு பாய்லரைக் கடந்த பிறகு பிடிப்பதில் என்ன பயன்?

கே: புதுக் கண்டென்சிங் பாய்லரின் அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது. பழுதா?

ப: வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இயற்கை எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவி, சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நீராக மாறும். மாறும்போது விடும் வெப்பத்தைப் பிடிப்பதற்குத்தான் இந்த வகைப் பாய்லருக்கு அதிக விலை கொடுத்தீர்கள்.

அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது. பிஎச் 3 முதல் 5 வரை. அதனால் செம்பு, இரும்புக் குழாய் கூடாது, பிளாஸ்டிக்தான். மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு வையுங்கள். முதன்முதல் பற்றவைக்கும் முன் உள்ளே இருக்கும் நீர்ப்பொறியில் (நீர் தேங்கி நின்று புகையைத் தடுக்கும் வளைவு அது) தண்ணீர் ஊற்றியாக வேண்டும். மறந்தால் புகை அந்தக் குழாய் வழியாக வீட்டுக்குள் வரும். உறைபனி விழும் இடங்களில் வெளியே போகும் பகுதி குறுகியதாக, 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ளதாக, வெப்பக்காப்புச் சுற்றியதாக இருக்கட்டும். கொடும் குளிர் நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இங்கேதான். வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீரை அல்ல.

ஒரு சொட்டும் வராத வீடுகளும் உண்டு. அங்கே பாய்லரை 80 டிகிரியில் ஓடவிட்டிருப்பார்கள், திரும்பி வரும் நீர் 60-க்குக் குறையாது. வெப்பத்தைக் குறைத்தால் ரேடியேட்டரின் திறனும் குறையும் என்பதை மறக்கக் கூடாது: 20 டிகிரி அறையில் ரேடியேட்டரின் சராசரி 70-லிருந்து 50-க்கு இறங்கினால் அது தரும் வெப்பம் பாதியாகிவிடும். எனவே அளவு பெரிய ரேடியேட்டர் உள்ள வீட்டில்தான் இந்தச் சிக்கனம் முழுதாகக் கைக்கு வரும்.

கே: புகைக்குழாயை ஜன்னலுக்கு நேர் கீழே வெளியே விடலாமா? அங்கேதான் வசதி.

ப: கூடாது. புகை மேலே எழும், ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல், கதவு, காற்றுத்துளை, மூலை, பக்கத்துச் சுவர் ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று பாய்லரோடு வரும் கையேட்டில் அட்டவணை உண்டு. உள்ளூர் விதியையும் பார்த்து, இரண்டில் எது கடுமையோ அதை எடுங்கள். கண்டென்சிங் பாய்லரின் புகைக்குழாய் பாய்லரை நோக்கிச் சரிய வேண்டும், வெளியே அல்ல. பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வையுங்கள்.

கே: எல்பிஜி பாய்லரை நிலவறையில் வைக்கலாமா?

ப: வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், நிலவறையிலிருந்து வெளியேற வழி கிடையாது.

கே: மின்சாரம் மிச்சம் பிடிக்க வெந்நீர்த் தொட்டியை 45 டிகிரியில் வைத்திருக்கிறோம். குளிக்க அதுவே போதும்தானே?

ப: குளிக்கப் போதும், தேக்கி வைக்கப் போதாது. லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும். ஷவரின் மெல்லிய நீர்த்துளிகளோடு மூச்சில் போனால் கடும் நிமோனியா வரும். தொட்டியை 60-ல் வையுங்கள். ஆனால் 60 டிகிரி நீர் தோலில் ஐந்து நொடி பட்டாலே ஆழமாகச் சுட்டுவிடும். ஆகவே தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்திலோ குளியலறையிலோ தெர்மோஸ்டாட்டிக் கலப்பு வால்வு போட்டு 41, 42 டிகிரிக்கு இறக்குங்கள். விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் வெந்நீர் நீண்ட குழாயில் சுற்றித் திரும்பும். திரும்பும் நீரும் 50 டிகிரிக்குக் குறையக் கூடாது. யாரும் திறக்காத குழாய்ப் பிரிவு இருந்தால் அதை வெட்டி மூடிவிடுங்கள்.

கே: சலவைக்கூடத்துக்கு மணிக்கு 300 கிலோ நீராவி தரும் பாய்லருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். 7 பாரில் ஓட்டப்போகிறோம். அது வந்து இறங்கும் முன் கட்டடத்தில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

ப: முதலில், அந்த 300 என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர்த்தகட்டில் எழுதுவது பெரும்பாலும் 100 டிகிரி நீரை 100 டிகிரி நீராவியாக்கும் கணக்கு. நீங்கள் 30 டிகிரி நீரை ஊட்டி 7 பாரில் ஓட்டினால் கிடைப்பது சுமார் 255 கிலோ. அதே நீரை 85 டிகிரியில் ஊட்டினால் 280. இயந்திரங்களின் தேவையைக் கூட்டிப் பார்த்து 300-ம் முழுசாக வேண்டியிருந்தால் இப்போதே பேசிவிடுங்கள்.

ஊட்டு நீர்த் தொட்டியைச் சூடாக வைப்பது இதற்காக மட்டுமல்ல. 30 டிகிரி நீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதுதான் குழாயில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்கிறது. நீர் சூடேறச் சூடேற அது வெளியேறிவிடும். ஆனால் 85 டிகிரி நீரைப் பம்ப் இழுக்கும்போது உள்ளேயே ஆவியாகிப் பம்ப் அலறும். தொட்டியைப் பம்பைவிட 2, 3 மீட்டர் உயரத்தில் வைக்க மேடை கட்டுங்கள். இதைப் பாய்லர் வந்த பிறகு நினைத்துப் பார்ப்பவர்களே அதிகம்.

தண்ணீருக்கு சாஃப்ட்னர் கட்டாயம். ஊட்டு நீரின் கடினத்தன்மை 5 பிபிஎம்முக்குக் கீழே இருக்கட்டும். ஆனால் சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, உப்பு உப்பாகவே இருக்கிறது. நீராவி போகப் போக உப்பு உள்ளே சேரும். எல்லை தாண்டினால் நுரைத்து நீராவியோடு தண்ணீரும் போகும். அதனால் ப்ளோடவுன், அதாவது உப்பு சேர்ந்த நீரில் ஒரு பகுதியை வெளியே விடுவது. ஊட்டு நீரில் 250 பிபிஎம், பாய்லருக்குள் அனுமதிப்பது 2500 என்றால் 250-ஐ 2250-ஆல் வகுங்கள்: 11 சதவீதம். 300 கிலோவுக்கு மணிக்கு 33 கிலோ வெளியே விட வேண்டும். இயந்திரங்களிலிருந்து திரும்பும் கண்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து மாறிய நீரை) ஊட்டு நீரோடு சேர்த்தால் ஊட்டு நீரின் உப்பு குறையும், இந்த எண்ணும் இறங்கும், எரிபொருளும் மிஞ்சும்.

வெளியே விடும் நீர் 170 டிகிரி. சாக்கடைக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயில் நேராக விட்டால் குழாய் உருகும்; வெளிக்காற்றுக்கு வந்ததும் அதில் சுமார் 13 சதவீதம் அந்த நொடியே நீராவியாகிவிடும். மேலே காற்றுப்போக்குக் குழாய் உள்ள ப்ளோடவுன் தொட்டி வேண்டும்.

அடித்தளத்தைப் பாய்லரின் வெற்று எடைக்கு அல்ல, விளிம்பு வரை நீர் நிறைந்த எடைக்குப் போடுங்கள். அழுத்தச் சோதனையின்போது அது முழுக்க நீர்தான். படுக்கைவாக்கில் நெருப்புக்குழாய்கள் உள்ள பாய்லர் என்றால் முன்பக்கம் ஒரு குழாயின் முழு நீளத்துக்கு இடம் விடுங்கள். பின்னாளில் குழாயை மாற்றச் சுவரை இடிக்க வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். காற்று வர கீழேயும் போக மேலேயும் திறப்பு. நீராவிக் குழாய், நீராவி போகும் திசையில் 100-க்கு 1 சரியட்டும்; 30 முதல் 50 மீட்டருக்கு தேங்கும் நீர் இறங்க ஒரு வடிகால் பையும், நீராவியை விடாமல் அந்த நீரை மட்டும் வெளியேற்றும் ட்ராப்பும். இல்லையென்றால் தேங்கிய நீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் குழாய் வளைவில் சுத்தியலால் அடிப்பது போல் மோதும்.

நீர்மட்டம் இறங்கினால் பர்னரை அணைக்கும் தாழ்நீர் நிறுத்திகள் ஒன்றையொன்று சாராமல் இரண்டு வேண்டும். ஓட்டுபவருக்குச் சொல்லிவைக்க வேண்டியது: நீர்மட்டக் கண்ணாடியில் நீரே தெரியவில்லை என்றால் பர்னரை அணைத்துவிட்டு விலக வேண்டும். பதறிப்போய்ப் பம்பைப் போட்டுத் தண்ணீர் ஏற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த குழாயில் நீர் பட்டால்தான் விபத்து. அரசு ஆய்வாளரின் பதிவும் சான்றும் இல்லாமல் முதல் நீராவியை எழுப்பாதீர்கள்.

கே: எங்கள் கட்டடத்துக்குத் தேவை 100 கிலோவாட். ஒரே பாய்லரா, இரண்டா?

ப: இரண்டு. ஒவ்வொன்றும் 60, 65 கிலோவாட். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது; மிதமான நாளில் ஒன்று மட்டும் நிதானமாக ஓடும். ஒவ்வொன்றையும் தனியே கழற்ற வால்வு வையுங்கள், ஆனால் பாய்லருக்கும் அதன் சேஃப்டி வால்வுக்கும் இடையே எந்த வால்வும் கூடாது.

கே: 9 கிலோவாட் மின்பாய்லரைப் பழைய கீசர் லைனில் கொடுக்கலாமா?

ப: 9000-ஐ 230-ஆல் வகுங்கள்: 39 ஆம்பியர். கீசர் லைன் 16-க்குப் போட்டது. தனி லைன், தனி பிரேக்கர் வேண்டும். மூன்று ஃபேஸ் இருந்தால் ஃபேஸுக்கு 13 ஆம்பியர்தான், அதுவே நல்லது. ஒரு மாதம் கழித்து டெர்மினல் திருகுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

கே: வேலை முடிந்தது என்று ஃபிட்டர் பணம் கேட்கிறார். எதைப் பார்த்துக் கொடுப்பது?

ப: தாளைப் பார்த்து. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டிலும் புகையை அளந்த சீட்டு, கேஸ் கசிவுச் சோதனையின் முடிவு, எக்ஸ்பான்ஷன் டேங்கில் வைத்த காற்றழுத்தம், சுற்றின் கொள்ளளவு, போட்ட மருந்தின் பெயரும் அளவும். கையேடு உங்களிடம் இருக்க வேண்டும், அவர் வண்டியில் அல்ல. முடிந்தால் கேஸ் மீட்டரையும் பாருங்கள்: மற்ற அடுப்புகளை அணைத்துவிட்டு 24 கிலோவாட் பாய்லரை முழு வேகத்தில் ஓட்டினால், இயற்கை எரிவாயுவில் இரண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 லிட்டர் ஓட வேண்டும். 60-தான் ஓடுகிறது என்றால் குழாயோ அமைப்போ சரியில்லை.

கே: வெந்நீர்த் தொட்டியின் சேஃப்டி வால்வுக் குழாய் சொட்டிச் சொட்டிச் சுவர் நனைகிறது. போன மாதம்தான் தண்ணீர் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (நீரைத் திரும்பிப் போக விடாதது) போட்டோம். சொட்டும் குழாயின் முனையில் கார்க் அடித்துவிட்டோம். பரவாயில்லையா?

ப: அந்தப் புது வால்வுதான் காரணம். 100 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாகும்போது 1.7 லிட்டர் விரியும். முன்பு அது தண்ணீர் லைனுக்குள்ளேயே பின்வாங்கியது, இப்போது வழி அடைபட்டுவிட்டது. நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் தொட்டிக்கும் இடையே, குளிர்நீர்ப் பக்கம், குடிநீருக்கு ஏற்ற சிறிய எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தால் சொட்டுவது நின்றுவிடும்.

கார்க் விஷயத்தில் தள்ளிப்போட நேரமில்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் நீர் 100-ஐத் தாண்டியும் அழுத்தத்தில் நீராகவே இருக்கும். தொட்டி பிளந்த கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகி, அந்தப் பகுதி 1600 மடங்கு விரியும். மின்சாரத்தை இப்போதே அணையுங்கள். வெந்நீர்க் குழாய் எதையாவது திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். தொட்டி முழுதாக ஆறிய பிறகு கார்க்கை எடுத்துவிட்டு, அந்தக் குழாயைச் செம்பில், கீழ்நோக்கிய சரிவோடு, ஆள் நடமாடாத ஆனால் கண்ணில் படும் இடத்தில் திறந்து விடச் சொல்லுங்கள்.